கியர் பாக்ஸ் உதறுகிறது, வாரன்டி ஓடுகிறது: எந்த வழியில் போவது?

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்குக் காரில் போனவர்களுக்குத் தெரியும். பழனிக்கு நடக்கிற கூட்டமும் காவடிகளும் சாலையில் பாதியை எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதியில் பஸ், லாரி, நாம். நடப்பவர்கள் வேகம்தான் நம் வேகம். பிரேக்கில் காலை வைப்பதும் எடுப்பதுமாக முக்கால் மணி நேரம் ஊர்ந்தபோதுதான், வாங்கி இரண்டேகால் வருடமான என் ஆட்டோமேட்டிக் கார் முதன்முதலாக உதறியது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது, சாக்கில் கட்டிய கோழி திமிறுவதுபோல் ஒரு திமிறல். சற்று நேரத்தில் டாஷ்போர்டில், கியர் பாக்ஸ் சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை. ஓரமாக நிறுத்திக் கால் மணி நேரம் காத்திருந்தேன். எச்சரிக்கை மறைந்தது.

அடுத்த வாரம் வீட்டிலேயே உதறியது. இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றைப் போல எங்கள் வீடும் முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடிகிறது. கார் கொட்டகை பின் தெருவில். தெருமட்டத்துக்கு இரண்டரை அடி மேலே, சரிவான கல்தளம் ஏறிப் போக வேண்டும். மழைத் தண்ணீர் உள்ளே வரக்கூடாதென்று வீட்டை உயர்த்திக் கட்டிய பாட்டனார், பேரன் ஒருநாள் அதில் ரிவர்ஸில் கார் ஏற்றுவான் என்று நினைத்திருக்க மாட்டார். பின்னால் ஏறும்போது கார் முழுவதும் நடுங்கியது. உள்ளே உட்கார்ந்திருந்த ஆத்தா, "பஞ்சராகிவிட்டதா?" என்று கேட்டார்கள்.

ஷோரூமுக்குக் கொண்டுபோனேன். சர்வீஸ் அட்வைசர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இந்த மாடலில் இப்படித்தான் இருக்கும் சார்."

ஓடோமீட்டர் அன்று 31,400 கிலோமீட்டர். வாரன்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. ஆக, கையில் இருந்தது ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்தை எங்கே செலவிடுவது என்பதுதான் கேள்வி. அதே ஷோரூமுக்கே திரும்பத் திரும்பப் போவதா, வேறு ஊர் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதா, கம்பெனிக்கு எழுதுவதா, நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதா, வெளி மெக்கானிக்கிடம் காட்டுவதா, விற்றுத் தொலைப்பதா? நான் சில வழிகளை நடந்து பார்த்தேன். மற்றவற்றை விசாரித்து அளந்து பார்த்தேன்.

முதலில், உங்கள் காரில் இருப்பது எந்த கியர் பாக்ஸ்?

இது தெரியாமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது. ஏனென்றால் "இப்படித்தான் இருக்கும்" என்பது சில கார்களில் உண்மை, சில கார்களில் சாக்கு.

ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கிற வேலையையும் கியர் மாற்றுகிற வேலையையும் ஒரு சிறு இயந்திரக் கை செய்கிறது. இந்தியாவில் 2014இல் மாருதி செலேரியோ வழியாக இது பரவலானது. ஒவ்வொரு கியர் மாறும்போதும் நம் தலை ஒருமுறை முன்னே போய் வரும். அது அதன் சுபாவம். அதற்காகச் சண்டை போட்டால் நேரம்தான் வீண்.

சிவிடி வேறு ரகம். அதில் படிப்படியான கியரே கிடையாது. இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓர் எஃகுப் பெல்ட் ஓடுகிறது. அழுத்தி மிதித்தால் என்ஜின் சத்தம் முன்னால் ஓடும், வண்டி பின்னால் வரும். அதுவும் சுபாவம். ஆனால் மெதுவாகப் போகும்போது நடுங்கினால் அது கோளாறு. டார்க் கன்வெர்ட்டர் என்கிற பழைய பாணி ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் வழியாகத்தான் விசை கைமாறுகிறது. ஊர்ந்து போவதற்கு இதைவிடப் பொறுமையான பிராணி கிடையாது. இது உதறினால் யாரும் சாக்குச் சொல்ல இடமில்லை.

என்னுடையது இரட்டைக் கிளட்ச் வகை. ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 கியர்களுக்கு, இன்னொன்று 2, 4, 6க்கு. ஒன்று வேலை செய்யும்போதே அடுத்த கியர் தயாராக நிற்கும். நெடுஞ்சாலையில் வெண்ணெய். இதிலும் இரண்டு சாதி: எண்ணெயில் மூழ்கியிருக்கும் ஈரக் கிளட்ச், காற்றிலேயே குளிரவேண்டிய உலர் கிளட்ச். ஈர வகையில் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்கிறது. என்னுடையது உலர் வகை. அதில் அந்த வசதி இல்லை. நடைவேகத்தில் ஊரும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் ஓடுகிறது. அந்த வழுக்கல் அத்தனையும் சூடு. காவடிக் கூட்டத்தின் பின்னாலும் கொட்டகைச் சரிவிலும் மட்டும் என் கார் உதறியதற்கும், திருமயம் சாலையில் 80இல் போகும்போது ஒன்றுமே தெரியாததற்கும் காரணம் இதுதான்.

சரி, எது சுபாவம், எது கோளாறு என்று எப்படிப் பிரிப்பது? எனக்குத் தெரிந்து இதற்கு ஒரே ஒரு நேர்மையான சோதனைதான் உண்டு. ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்கு வைத்திருக்கும் அதே மாடல், அதே கியர் பாக்ஸ் உள்ள காரைக் கேட்டு வாங்குங்கள். அதே சரிவில், அதே ரிவர்ஸில், அட்வைசரையே ஓட்டச் சொல்லுங்கள். அதுவும் நடுங்கினால் உங்கள் பணம் போன இடம் வடிவமைப்பு. நடுங்காவிட்டால், "இப்படித்தான் இருக்கும்" என்ற வாக்கியத்துக்கு அன்றோடு முடிவு. நான் இதை மூன்றாவது தடவைதான் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

அதே ஷோரூம், அதே நாற்காலி

உள்ளூர் ஷோரூமில் பொறுமையாக இருப்பதற்கும் நியாயம் உண்டு. பத்து நிமிடத்தில் போய்விடலாம். ஆட்கள் முகம் தெரிந்தவர்கள். கல்யாணம், கருமாதியில் சந்திக்கிறவர்கள். சின்னக் கோளாறு என்றால் இதுவே போதும். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதை கியர் பாக்ஸின் கம்ப்யூட்டர் மறந்துபோயிருந்தால், ஸ்கேனரைப் போட்டு மறுபடி கற்றுக்கொடுத்தாலே சரியாகிவிடும். சாஃப்ட்வேர் அப்டேட்டும் சில நேரம் உண்மையான மருந்துதான்.

என் காருக்கு மூன்று முறை அந்த மருந்து கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம் நன்றாக இருந்தது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

ஆனால் இந்த வழியில் நான் செய்த பெரிய தவறு மருந்து சம்பந்தப்பட்டதல்ல. முதல் இரண்டு தடவையும் ஜாப் கார்டில் (காரை ஒப்படைக்கும்போது புகாரையும் வேலையையும் எழுதும் தாள்) அவர்கள் எழுதியிருந்தது "ஜெனரல் செக்கப், வாட்டர் வாஷ்". நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன். கல்யாணச் சாமான் பட்டியலில் ஒரு கரண்டியைக்கூட விடாமல் எழுதி வைக்கிற ஊர் இது. மூன்று தலைமுறைக்கு முந்தைய மொய் நோட்டைப் பெட்டகத்திலிருந்து எடுத்துக் காட்டுகிறவர்கள் நாங்கள். எங்கள் அப்பச்சி பால் கணக்கைக்கூட இரட்டைப் பதிவில் வைத்திருந்தவர். அந்த வீட்டுப் பிள்ளை பதினான்கு லட்ச ரூபாய்க் காரின் கோளாறுக்கு "வாட்டர் வாஷ்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். கம்பெனியின் ஏட்டில் அந்த இரண்டு வருகையும் கியர் பாக்ஸ் புகார் கிடையாது. காரைக் குளிப்பாட்ட வந்தவன் நான், அவ்வளவுதான்.

மூன்றாவது தடவை, வாசகத்தை நானே சொல்லி எழுத வைத்தேன்: "சூடானபின் 1இலிருந்து 2ஆம் கியருக்கு மாறும்போது உதறல், ரிவர்ஸில் சரிவு ஏறும்போது நடுக்கம், கியர் பாக்ஸ் வெப்ப எச்சரிக்கை வந்தது, இதே புகாருக்கு மூன்றாவது வருகை." அட்வைசர் கொஞ்சம் முகம் சுளித்தார். ஆனாலும் எழுதினார். காரைத் திருப்பி வாங்கும்போது, என்ன செய்தார்கள், காரின் கம்ப்யூட்டரில் என்ன ஃபால்ட் கோடு (கோளாறுக் குறியீடு) இருந்தது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கினேன். "கோளாறு எதுவும் காணப்படவில்லை" என்று எழுதினாலும் பரவாயில்லை, வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் அந்த வரி அவர்களுக்கு எதிராகவே பேசும்.

ஷோரூம்காரர்களை முழுக்கக் கெட்டவர்களாக்கவும் எனக்கு மனமில்லை. கியர் பாக்ஸ் போன்ற பெரிய பாகத்தைத் திறக்கக் கம்பெனியின் முன் அனுமதி வேண்டும். வாரன்டி வேலைக்குக் கூலி நிர்ணயிப்பதும் கம்பெனிதான். பிரித்துப் பார்த்தபின் கம்பெனி "கிளட்ச் தேய்மானப் பொருள், தர முடியாது" என்று சொல்லிவிட்டால் உழைப்பு நஷ்டம் ஷோரூம் தலையில். ஆகையால் சந்தேகம் வந்தால் சாஃப்ட்வேரோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்கள் நிலையில் இருந்தால் நானும் அதையே செய்வேனோ என்னவோ.

அந்தத் தேய்மான வரியை உங்கள் வாரன்டிப் புத்தகத்தில் இன்றே தேடிப் பாருங்கள். பிரேக் பேட், வைப்பர் ரப்பரோடு சேர்த்துக் கிளட்ச் தகடும் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்கும். மேனுவல் காரில் இது நியாயம். கிளட்ச் மேல் கால் வைத்தே ஓட்டுகிறவர்கள் உண்டு. கிளட்ச் மிதியே இல்லாத காரில், கம்ப்யூட்டரே கிளட்சை இயக்கும்போது, தேய்த்தது யார்? இதை நான் எழுத்தில் கேட்டேன். வாய்மொழியாக நிறையப் பதில் வந்தது, எழுத்தில் வரவில்லை.

திருச்சியா, மதுரையா?

கம்பெனியின் வாரன்டி, கார் வாங்கிய ஷோரூமோடு கட்டிப்போடப்பட்டதல்ல. அங்கீகாரம் பெற்ற எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை, அல்லது தெரிந்தும் சங்கடம். வாங்கிய இடத்தை விட்டு வேறு இடம் போவது ஏதோ சம்பந்தி வீட்டை அவமதித்ததுபோல் நினைக்கிறார்கள். அந்தச் சங்கடத்தை விட்டுவிடுங்கள்.

காரைக்குடியிலிருந்து திருச்சியும் மதுரையும் ஏறக்குறைய ஒரே தூரம், தலா 90 கிலோமீட்டர் அளவில். பெரிய ஊர் ஒர்க்‌ஷாப்பில் இதே மாடல் கார்கள் அதிகம் வரும். இதே கோளாறைப் பத்துத் தடவை பார்த்த மெக்கானிக் இருப்பார். இரண்டாவது ஷோரூம் உங்களுக்கு அந்தக் காரை விற்கவில்லை. "இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக் காப்பாற்ற வேண்டிய விற்பனை அவர்களிடம் இல்லை.

போகும் முன் ஒன்றை விசாரியுங்கள். உங்கள் ஊர் ஷோரூமும் அந்த ஊர் ஷோரூமும் ஒரே முதலாளியுடையதா? எனக்கு மதுரை அப்படித்தான் அமைந்தது. பெயர்ப் பலகை ஒன்று, கம்ப்யூட்டரில் கணக்கும் ஒன்று. போயிருந்தால் முதலில் காரைக்குடிக்குத்தான் போன் பண்ணியிருப்பார்கள். அதனால் திருச்சி.

இந்த வழியின் தொல்லை செலவு மட்டுமல்ல. திருமயம், புதுக்கோட்டை வழியாக ஒன்றரை மணி நேரம் நன்றாகக் காற்று வாங்கிக்கொண்டு போன உலர் கிளட்ச், திருச்சி ஒர்க்‌ஷாப் வாசலில் பச்சைக் குழந்தைபோல் நிற்கும். மெக்கானிக் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து "நன்றாகத்தானே சார் இருக்கிறது" என்பார். பல்வலிக்காரன் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி நின்றுபோகுமே, அதேதான். ஆகவே நகருக்குள் நெரிசலில் புகுந்து, கிளட்சைச் சூடாக்கி, அந்தச் சூடு ஆறுவதற்குள் வண்டியை ஒப்படைக்க வேண்டும். மதுரைக்குப் போகிறவர்களுக்கு மேலூர் வழியாக வந்து மாட்டுத்தாவணிப் பக்கம் ஊர்ந்தாலே போதும். கூடவே வீடியோ. பக்கத்து இருக்கையில் இருப்பவர் எடுக்கட்டும். ஆர்.பி.எம். முள்ளும் வேகமும் ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும். எந்த கியர் என்று வாயால் சொல்லியும் பதிவாக வேண்டும். ரோடு டெஸ்டுக்கு அவர்களைத் தனியே அனுப்பாமல் கூடவே உட்காருங்கள்.

திருச்சியில் ஒரு மூத்த மெக்கானிக். வயது ஐம்பது இருக்கும், அதிகம் பேசவில்லை. என்னை இறங்கச் சொல்லிவிட்டு, ஒர்க்‌ஷாப்பின் சரிவுப்பாதையில் ரிவர்ஸில் நான்கு தடவை ஏற்றி இறக்கினார். நாலாவது தடவை கார் நடுங்கியது. இறங்கி வந்து, "கிளட்ச் பேக்" என்றார். மூன்று மாதமாக நான் கேட்கக் காத்திருந்த இரண்டு வார்த்தைகள். கோளாறு கிளட்ச் தொகுதியில்தான் என்று பொருள்.

வண்டி ஓடவே முடியாத நிலையில் இருந்தால் இந்த வழி கடினம். பெரும்பாலான சாலையோர உதவித் திட்டங்கள் அருகிலுள்ள அங்கீகார ஒர்க்‌ஷாப் வரைக்கும்தான் இழுத்துப் போகும். திருச்சி வரைக்கும் என்றால் கூடுதல் கிலோமீட்டருக்கு நீங்கள்தான் பணம் தர வேண்டும்.

கம்பெனிக்கு எழுதுவது

இதைத் தனி வழியாகப் பார்க்காமல், இரண்டாவது ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் அதே நாளில் செய்ய வேண்டியதாகவே நான் பார்க்கிறேன். தனியாக எழுதினால் கம்பெனி உங்கள் கடிதத்தை நேரே உள்ளூர் ஷோரூமுக்கே அனுப்பும். அவர்கள் "வாடிக்கையாளர் திருப்தி" என்று பதில் போட்டு முடித்துவிடுவார்கள். எனக்கு முதல் தடவை அப்படித்தான் நடந்தது. யாரோ போன் செய்து "பிரச்சினை தீர்ந்ததா சார்?" என்றார். "இல்லை" என்றேன். புகார் மூடப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது.

இரண்டாவது தடவை மின்னஞ்சலில் ஒரே பக்கம் எழுதினேன். சேசிஸ் எண், வாங்கிய தேதி, நான்கு வருகைகளின் தேதி, அன்றைய கிலோமீட்டர், ஜாப் கார்டு எண்கள், எந்தச் சூழலில் உதறுகிறது என்று இரண்டு வரி, திருச்சி ஒர்க்‌ஷாப்பின் கருத்து. கடைசியில் மூன்று கோரிக்கைகள்: கம்பெனிப் பொறியாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும், கண்டறிந்ததை எழுத்தில் தர வேண்டும், வாரன்டி மறுக்கப்பட்டால் எந்த விதியின் கீழ் என்று குறிப்பிட வேண்டும். கோபம் ஒரு சொல்லிலும் இல்லை. கோபத்தோடு எழுதிய முதல் வரைவு இன்னும் என்னிடம் இருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, எதற்கும் உதவாது.

பதினோராம் நாள் பதில். அடுத்த மாதம் பொறியாளர் திருச்சிக்கு வந்து பார்த்தார்.

இங்கேதான் இன்னொரு முடிவு காத்திருக்கிறது. கிளட்ச் பேக்கை மட்டும் மாற்ற ஒப்புக்கொள்வதா, முழு கியர் பாக்ஸையும் மாற்றக் கேட்டு அடம் பிடிப்பதா? வாரன்டி இல்லாமல் முழு கியர் பாக்ஸ் என்றால் விலை லட்சக்கணக்கில் போகும். அதனால் கம்பெனி சுலபமாகத் தராது. நம் ஆட்கள் பலர் முழுசாகக் கேட்பதே வெற்றி என்று நினைக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கோளாறு கிளட்சில் என்றால், வேலை செய்துகொண்டிருக்கும் மற்ற பாகங்களைக் கழற்றி எறிவதில் லாபமில்லை. ஆனால் கிளட்சை இயக்குகிற கட்டுப்பாட்டுப் பகுதியில் கோளாறு இருந்து, கிளட்சை மட்டும் மாற்றினால் புதுக் கிளட்சும் அதே கதிக்குத்தான் ஆளாகும். ஆகவே கேட்க வேண்டியது, "கட்டுப்பாட்டுப் பகுதியைச் சோதித்தீர்களா, அளவுகளைக் காட்டுங்கள்" என்பது. சோதித்துக் காட்டினார்கள். கிளட்ச் பேக்குக்கு ஒப்புக்கொண்டேன். பாகம் வர 19 நாள். அதுவரை பஸ்.

ஒன்றைக் கவனிக்காமல் விடாதீர்கள். மாற்றிய பாகத்துக்குப் புதிதாக மூன்று வருட வாரன்டி தொடங்கும் என்று பலர் நம்புகிறார்கள். பொதுவாக அப்படி இல்லை. காரின் பழைய வாரன்டியில் மிச்சமுள்ள காலம்தான் அதற்கும். என் விஷயத்தில் அது நாலரை மாதம்.

சட்டத்தின் வழி

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில். அதில் நம் பக்கத்துக்கு மிகவும் பயன்படும் மாற்றம் ஒன்று: கார் எங்கே வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் போடலாம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான்காரர்களுக்குச் சிவகங்கை. திருமயம், ராயவரம், கோனாப்பட்டுக்காரர்களுக்குப் புதுக்கோட்டை. செட்டிநாடு என்று நாம் ஒன்றாகச் சொன்னாலும் மாவட்ட எல்லை நம்மை இரண்டாக வெட்டித்தான் வைத்திருக்கிறது.

50 லட்ச ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருள் மாவட்ட ஆணையத்தில் வரும். கட்டணம் அதிகமில்லை: 5 லட்சம் வரை எதுவுமில்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வக்கீல் கட்டாயமில்லை. இணையத்திலும் பதியலாம். புகாருக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டிய வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்தக் கணக்கை நம்பி நாள் குறிக்காதீர்கள்.

வழக்குக்கு முந்தைய படி ஒன்று உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். செலவில்லை. கம்பெனி பதில் தராமல் இழுத்தடித்தால் ஆணையத்துக்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

ஆணையத்தில் என்ன கிடைக்கும் என்பதில்தான் எதிர்பார்ப்பு எகிறுகிறது. "புதுக் கார் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்" என்று டீக்கடையில் சொல்வார்கள். மாருதி நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், வாரன்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோ கடமைப்படுத்துகிறது, அதற்காகக் காரையே மாற்றச் சொல்ல முடியாது என்ற நிலையை எடுத்தது. தயாரிப்பிலேயே குறை என்பது நிபுணர் அறிக்கையால் நிரூபணமானால் கதை வேறு. ஆனால் அந்த அறிக்கைக்கான சோதனைக் கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம். பாகம், அலைச்சலுக்கு நஷ்டஈடு, செலவுத் தொகை, இவற்றை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம் இருக்காது.

இன்னொரு நுணுக்கம். புகாரில் ஷோரூமை மட்டும் சேர்ப்பதும் தவறு, கம்பெனியை மட்டும் சேர்ப்பதும் தவறு. டாடா மோட்டார்ஸ் வழக்கொன்றில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், டீலர் செய்த தவறுக்குத் தயாரிப்பாளர் தானாகவே பொறுப்பாகிவிட மாட்டார், அவருக்கு அதில் பங்கிருந்ததைக் காட்ட வேண்டும் என்றது. ஆகவே இருவரையும் சேர்த்து, யார் என்ன செய்தார்கள் என்பதைத் தனித்தனியே எழுத வேண்டும். கோளாறு கம்பெனியுடையது, "வாட்டர் வாஷ்" ஷோரூமுடையது.

கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளை விடுதியாக நடத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விருந்தினரை அழைத்து வரக் காரை விடுதியின் பெயரில் வாங்கியிருந்தால், "வணிக நோக்கத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே அல்ல" என்று எதிர்த்தரப்பு முதல் வாதமாகவே வைக்கும். சொந்தப் பிழைப்புக்காகத் தானே நடத்தும் தொழில் என்றால் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அதை வாதாடி வாங்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கம்பெனியோடு பேசி முடிப்பதில் இன்னும் கொஞ்சம் பொறுமை காட்டலாம்.

நான் ஆணையத்துக்குப் போகவில்லை. தேவைப்படவில்லை. ஆனால் கம்பெனிக்கு எழுதிய ஒவ்வொரு வரியையும், ஒருநாள் சிவகங்கையில் இதைப் படித்துக் காட்ட வேண்டிவரும் என்ற நினைப்போடுதான் எழுதினேன். எழுத்தின் தொனியே மாறிவிடுகிறது.

வெளி மெக்கானிக்கும், விற்றுவிடுவதும்

நம் ஊர் மெக்கானிக்குகளின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய அம்பாசிடரை இன்னும் ஓட வைத்துக்கொண்டிருக்கிற ஊர். ஆனாலும் வாரன்டி உள்ள கியர் பாக்ஸை வெளியே திறந்தால், அடுத்த நிமிடமே கம்பெனிக்கு வேண்டிய காரணத்தை நாமே தட்டில் வைத்துக் கொடுத்துவிடுகிறோம். ஸ்கேனர் போட்டுப் பார்ப்பது மட்டும் பரவாயில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகிப் படிப்பது எதையும் திறப்பதாகாது. பி0700 என்ற கோடு வந்தால், கியர் பாக்ஸின் கம்ப்யூட்டர் தன்னிடம் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது என்று என்ஜின் கம்ப்யூட்டரிடம் சொல்லியிருக்கிறது என்று பொருள். என்ன கோளாறு என்பது உள்ளே இருக்கும். கடையில் கிடைக்கும் விலை குறைந்த புளூடூத் கருவிகள் பல அந்த உள் விவரத்தைப் படிப்பதில்லை. போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "அழித்துவிடட்டுமா அண்ணே?" என்று கேட்பார். அழிக்க விடாதீர்கள். அது உங்கள் சாட்சி.

விற்பதைப் பற்றிச் சுருக்கமாக. உதறலைச் சொல்லி விற்றால் விலை விழும். சொல்லாமல் விற்றால், இந்த ஊரில் வாங்குகிறவர் எப்படியும் யாருக்காவது பங்காளியாக இருப்பார். வாரன்டி மிச்சம் இருக்கும்போது விற்பது, சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டு இலை போடும்முன் எழுந்து வருவதுபோல்.

எவ்வளவு நாள் மிச்சம் என்பதைப் பொறுத்து

ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் உள்ளூர் ஷோரூமுக்கு இரண்டு வாய்ப்புத் தரலாம், சரியான வாசகத்தோடு ஜாப் கார்டு எழுதி. மூன்றாவது தடவைக்கு வேறு ஒர்க்‌ஷாப். ஆறு மாதம்தான் இருக்கிறதென்றால் ஒரு தடவைக்கு மேல் பொறுக்க வேண்டாம். இரண்டாவது ஒர்க்‌ஷாப்பும் கம்பெனிக் கடிதமும் ஒரே வாரத்தில் நடக்கட்டும். ஒரு மாதம்தான் என்றால் முதலில் புகாரை எழுத்தில் பதிவது, அன்றே மின்னஞ்சல், அன்றே எக்ஸ்டெண்டட் வாரன்டி (பணம் கட்டி நீட்டித்துக்கொள்ளும் வாரன்டி) விசாரணை. வாரன்டிக் காலத்துக்குள் எழுத்தில் பதிந்த புகார், காலம் முடிந்தபின் கோளாறு பெரிதானாலும் உங்கள் கையில் நிற்கும். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

எக்ஸ்டெண்டட் வாரன்டியைப் பொதுவாகப் பழைய வாரன்டி முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும். உலர் இரட்டைக் கிளட்ச் காரை வைத்திருப்பவர் அதை வாங்காமல் இருப்பது, என் அபிப்பிராயத்தில், மழைக்காலத்தில் ஓடு மாற்றாமல் இருப்பதற்குச் சமம். ஆனால் அந்தத் திட்டத்தில் கிளட்ச் உண்டா என்று படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் விசாரித்த இரண்டு திட்டங்களில் ஒன்றில் இல்லை.

நான் பணம் கட்டப் போனது ஆடியில். ஆடியில் போய்ப் புதிதாக எதையாவது தொடங்குவார்களா என்று ஆத்தா தடுத்தார்கள். இது புதிதல்ல, பழையதன் தொடர்ச்சிதான் என்று சொல்லிச் சமாளித்தேன். ரசீதை வாங்கி, நான்கு ஜாப் கார்டுகளுக்கும் மேலே வைத்துக் கட்டி, அப்பச்சியின் பெட்டகத்தில் மொய் நோட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

கிளட்ச் மாற்றிய பிறகு கார் இரண்டு மாதமாக உதறவில்லை. கொட்டகைச் சரிவில் ஏற்றும்போது மட்டும், ஆத்தா இன்னும் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.